பரமலிங்கத்தார் படைத்த ஏழு தீவு

“ஏழு தீவிலையும் உங்களுக்கு விருப்பமான துறை ஒண்டிலை என்னைக் கண்ணைக் கட்டிக் கொண்டுபோய் இறக்குங்கோ. ஒரு காகத்தைக்கூடக் கேளாமல், நீங்கள் சொல்லுற வீட்டு வாசலிலை போய் நிப்பன். நிக்காட்டி என்ரை பேர் பரமலிங்கம் இல்லை.”

எண்பத்து மூன்றாம் ஆண்டின் கடைசியில், கரம்பொன் வாசிகசாலையில், பத்திரிகையின் நடுப்பக்கத்துக்காகக் காத்திருந்த நாலைந்து பேர் முன்னிலையில் இந்தப் பிரகடனம் செய்யப்பட்டது. ஒருவரும் மறுத்துப் பேசவில்லை. மறுத்தால் மனிசன் அங்கேயே நிரூபிக்கத் தொடங்கிவிடுவார் என்ற பயம் ஒரு காரணம். நடுப்பக்கம் அவர் கையில் இருந்தது மற்றக் காரணம்.

பிரகடனத்துக்கு ஆதாரம் இல்லாமலும் இல்லை. பரமலிங்கத்தார் தமது உத்தியோக காலம் முழுவதையும் அரசாங்கக் கந்தோர் ஒன்றில் தேசப்படம் வரைவதில் கழித்தவர். தீவுப்பகுதியின் ஒழுங்கைகள், குளங்கள், தரவைகள், கோயில்கள், கலங்கரை விளக்கம் எல்லாம் அவருடைய பேனையின் கூரில் இருந்துதான் புறப்பட்டன. நெடுந்தீவின் கரை ஓரிடத்தில் அலங்கோலமாக உள்ளே வளைவதாக யாரோ அளந்து கொண்டுவந்து கொடுத்தபோது, பார்வைக்கு லட்சணமாக இல்லை என்று அதைச் சற்று நிமிர்த்திவிட்டவரும் அவரே. அந்த வகையில் அவரைத் தீவுகளை அறிந்தவர் என்பதைவிடத் தீவுகளைத் திருத்தியவர் என்றே சொல்லவேண்டும்.

ஒரேயொரு சிறு விபரம் உண்டு. ஒருவரின் சீவியத்தை எழுத வெளிக்கிட்டால் சிறு விபரத்தையும் மறைக்கக் கூடாது. கடல் சூழ்ந்த தீவிலே பிறந்த பரமலிங்கத்தார், கடல்மேல் போனது வாழ்நாளில் ஒரேயொரு தடவை. ஐந்து வயதில், ஊர்காவற்றுறையிலிருந்து காரைநகருக்கு ஆட்களை ஏற்றிப் போகும் படகில். அக்கரையில் நிற்பவர் கொட்டாவி விட்டால் இக்கரையில் தெரியும்; அவ்வளவுதான் தூரம். அந்தத் தூரத்துக்குள்ளேயே அவர் தகப்பனாரின் சலவை வேட்டி, முன்பின் தெரியாத ஒரு சட்டம்பியாரின் சால்வை, ஒரு கூடை வெற்றிலை ஆகியவற்றின் மேல் குமட்டிச் சத்தி எடுத்து முடித்திருந்தார். அதன் பிறகு காரைநகரில் கலியாணமோ செத்தவீடோ வந்தால், கரம்பொனில் பஸ் ஏறி, கடலை நிரவிப் போட்ட தாம்போதி கடந்து யாழ்ப்பாணம் போய், அங்கே இன்னொரு பஸ் பிடித்து, வளைந்து சுற்றி, பாதி நாள் கழித்து, தம்முடைய தீவுக்கு நேர் எதிரே போய் இறங்குவார். ஏன் இந்தச் சுற்று என்று கேட்டால் ஒரே பதில்.

“பட்டினத்திலை ஒரு அலுவல் இருந்தது.”

நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் அனலைதீவுக்கும் பஸ் போவதில்லை. ஆகையால் அங்கெல்லாம் அவருக்கு அலுவல் இருக்கவில்லை.

ஓய்வூதியம் எடுத்துக்கொண்டு ஊரோடு வந்து இருந்தபின்தான் ஒரு துக்கம் அவருக்கு உறைத்தது. கந்தோரில் அவர் பென்சிலைத் தூக்கினால் மேசையைச் சுற்றி நாலு பேர் நிற்பார்கள். கரம்பொனில் அவர் வாயைத் திறந்தால் கேட்பவருக்கு மாடு அவிழ்ந்துவிடும், உலையில் அரிசி பொங்கிவிடும், கண் வைத்தியரிடம் போக நேரமாகிவிடும். மனைவி சறோஜினிதேவிகூட, “இஞ்சருங்கோ, உதைப் பேந்து சொல்லுங்கோ” என்பார். அந்தப் பேந்து வந்ததே கிடையாது.

இந்த நிலைமையில்தான் லண்டனிலிருந்து பெட்டி வந்தது.

அனுப்பியவர் சறோஜினிதேவியின் தம்பி சிவபாதம். ஊருக்கு வந்த ஒருவர் கையில் கொடுத்துவிட்ட அந்தப் பெட்டி, சோப்புப் பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிது. மேலே ரப்பர் பொத்தான்கள். கொம்பியூட்டர் என்றார்கள். ரீவியோடு பொருத்தினால் எழுத்து வரும். எழுதியதைக் கசெற்றில் பதிந்து வைத்து, வேண்டியபோது திரும்பப் போடலாம். போடும்போது அது நெஞ்சைப் பிழியும் ஒரு கீச்சுச் சத்தம் போடும். அதைக் கேட்டுப் பின்வளவு ஆடுகள் இரண்டு நாள் பால் தரவில்லை என்று சறோஜினிதேவி முறையிட்டார்.

பெட்டியோடு சிவபாதம் தன் குரலைப் பதிந்த கசெற் ஒன்றும் வந்திருந்தது. கடிதம் எழுதப் பஞ்சிப்பட்டவர்கள் அந்தக் காலத்தில் அப்படித்தான் செய்தார்கள்.

“அத்தான், சுகமோ? உங்கடை மூளைக்கு வேலை வேணும் எண்டு அக்கா சொன்னவ. இந்தப் பெட்டியிலை உருப்படியா ஏதாவது ஒண்டு செய்து முடியுங்கோ. ஆனியிலை வருவன். முடிச்சிருந்தால் பெட்டி உங்களுக்கு. முடிக்காட்டி, சாவகச்சேரியிலை எங்கடை சின்னையாவின்ரை மோன் ஒருத்தன் கணக்குப் படிக்கிறான், அவனுக்குக் குடுப்பன். குறை நினையாதையுங்கோ.”

பரமலிங்கத்தார் குறை நினைக்கவில்லை. பெட்டியோடு வந்த ஆங்கிலப் புத்தகத்தை ஒரு மாதம் வாய்க்குள் முணுமுணுத்து வாசித்தார். வாசித்து முடித்து, வாசிகசாலையில் அடுத்த பிரகடனத்தைச் செய்தார். அவர் ஒரு விளையாட்டைப் படைக்கப் போகிறார். பந்து இல்லை, சீட்டு இல்லை, படம்கூட இல்லை. சொல்லாலே ஆன விளையாட்டு. நீ எங்கே நிற்கிறாய், உன் முன்னே என்ன இருக்கிறது என்று பெட்டி சொல்லும். என்ன செய்வாய் என்பதை நீ எழுத வேண்டும். எழுதினால் அது நடக்கும். ஏழு தீவிலும் ஏழு சாவிகள் ஒளிந்திருக்கும். ஏழையும் சேர்த்தால் பர்மாவில் வியாபாரம் செய்த ஒருவரின் பெட்டகம் திறக்கும்.

“பெட்டகத்துக்கை என்ன இருக்கும்?” என்று கேட்டார் வல்லிபுரம். இவர் பக்கத்து வளவுக்காரர். புகையிலைத் தோட்டமும் பொழுதும் நிறைய உள்ளவர்.

“அது கடைசியிலை தெரியும்.”

பெட்டிக்குத் தமிழ் எழுத்துத் தெரியாது. ஆங்கில எழுத்தில் தமிழைக் கோர்த்து வைத்தார். அதை மற்றவர்கள் வாசிக்க ஏலாது என்பதால் தாமே உரத்து வாசிக்க வேண்டியதாயிற்று. இதில் அவருக்குக் கவலை இருந்ததாகத் தெரியவில்லை. பொத்தான்களில் கை வைக்கும் உரிமையும் அவர் ஒருவருக்கே. மற்றவர்கள் வாயால் சொல்லலாம்.

மாசி மாதத்து மாலை ஒன்றில் விறாந்தையில் ரீவியை வைத்து, கசெற்றை ஓடவிட்டார். சிக்கனம் கருதி விளையாட்டை மைத்துனரின் குரல் இருந்த கசெற்றின் மறுபக்கத்தில்தான் பதிந்திருந்தார். பக்கம் மாறிப் போட்டதில் பெட்டிக்கு முதலில் “அத்தான், சுகமோ?” என்று கேட்டது. அது பதில் சொல்லவில்லை. கசெற்றைத் திருப்பிப் போட்டார். கீச்சுச் சத்தம் ஓய்ந்து, திரையில் எழுத்து விழுந்தது. பரமலிங்கத்தார் தொண்டையைச் செருமினார்.

“நீ கரம்பொனில் ஒரு வீட்டின் அறையில் கண்விழிக்கிறாய். கிழக்கே யன்னல். யன்னலுக்கு வெளியே தேசிமரம். மூலையில் பூட்டிய அலுமாரி. மேற்கே குசினி. குசினியில் யாரோ உன்னைப் பற்றிக் கதைக்கிறார்கள்.”

விறாந்தை நிமிர்ந்து உட்கார்ந்தது.

“ஆர் கதைக்கினம்?” என்றார் வல்லிபுரம். “என்னவாம் என்னைப் பற்றி?”

இந்தத் தொடக்கத்துக்காகப் பரமலிங்கத்தாரை எவ்வளவு புகழ்ந்தாலும் தகும். எவரைப் பற்றியும் குசினியில் எவரோ கதைத்துக்கொண்டுதான் இருப்பார்கள் என்பது தீவு முழுவதும் அறிந்த உண்மை. அதைக் கேட்கப் போகாமல் இருக்க எந்த மனிசராலும் ஏலாது. குசினிக்குப் போனால் பேச்சு நின்றுவிடும். மறைந்து நின்றால் கேட்கும். அலுமாரியைத் திறக்கத் துருவலைக்குக் கீழே தேடவேண்டும். துருவலையைத் தூக்கலாம், அதில் இருந்து தேங்காய் துருவலாம், காலில் போட்டுக்கொண்டு நொண்டலாம். ஆட்டுக்குக் குழை போட்டால் ஒரு விதமாகவும் போடாவிட்டால் இன்னொரு விதமாகவும் பார்க்கும். கிணற்றில் வாளி விழுந்தால் எடுக்கலாம். அலுமாரிக்குள் இருந்த குடையை வீட்டுக்குள் விரித்தால் பெட்டியே “சீ, மடக்கு” என்று அதட்டும். முதல் வாரம் முழுவதும் சனம் வீட்டை விட்டு வெளியே வரவில்லை. முதற்சாவி அலுமாரியின் கீழ்த்தட்டில் அகப்பட்டபோது ஒரு கிழவர் விறாந்தையில் கைதட்டினார்.

பெட்டியின் மூளை அளவானது என்று ஆங்கிலப் புத்தகத்தில் எழுதியிருந்தது. அந்த மூளையில் முக்கால்வாசியைப் பரமலிங்கத்தாரின் சொந்த வளவு தின்றுவிட்டது. மற்ற ஆறு தீவுக்கும் சேர்த்து மிச்சம் இருந்தது ஒரு கோழிக்கூட்டை வர்ணிக்கப் போதுமான இடம். இதைப் பரமலிங்கத்தார் அறிவார். அறிந்தும் அந்த வாரம் ஆட்டுக்கு ஒரு தும்மல் சேர்த்தார்.

சாவியோடு வாசற்படலைக்கு வந்தபோதுதான் முதற்தடங்கல்.

“சாவி உன் மடியில் இருக்கிறது,” என்று வாசித்தார் பரமலிங்கத்தார். “படலை திறந்திருக்கிறது. எங்கே போகிறாய்?”

வல்லிபுரம் கதிரையை விட்டு எழும்பிவிட்டார்.

“என்ன கேட்டது?”

“எங்கே போகிறாய் எண்டு…”

“வெளிக்கிட்டுப் படலையடியிலை நிக்கிற மனிசனைப் பாத்து, எங்கை போறாய் எண்டு கேக்கிறதோ? போற காரியம் விளங்குமோ?”

“அண்ணை, அது மிசின்.”

“மிசின் எண்டால் மரியாதை தேவையில்லையோ? தூரவோ எண்டு கேக்கத் தெரியாதோ? பாரும், நல்லாத்தான் வளத்து வைச்சிருக்கிறீர்.”

கூட்டம் வல்லிபுரத்தாரின் பக்கமே நின்றது. வெளிக்கிடும்போது அப்படிக் கேட்டுவிட்டால் பயணம் கெட்டது. திரும்பி உள்ளே போய், கதிரையில் இருந்து, ஒரு மிடறு தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மறுபடி புறப்பட வேண்டும். அப்படியே அடிக்கச் சொன்னார்கள். கதிரையும் தண்ணீரும் பெட்டிக்குத் தெரிந்திருந்தன. உள்ளே போய், இருந்து, குடித்து, மறுபடி படலைக்கு வந்தார்கள். பெட்டி மறுபடியும் எங்கே போகிறாய் என்று கேட்டது. மறுபடியும் திரும்பினார்கள். அன்று மாலை முழுவதும் வல்லிபுரத்தார் திரையில் தண்ணீர் குடித்தபடியே இருந்தார். மறுநாளும் அதேதான். பங்குனி பிறந்தும் கரம்பொனில் இருந்து ஒரு குஞ்சும் வெளியேறவில்லை.

படைத்தவர் இதைத் திருத்த அவசரப்படவில்லை. படலைக்கு அப்பால் இன்னும் பெரிதாக ஒன்றும் இல்லை என்பது அவருக்கு மட்டுந்தானே தெரியும். நாளும் மாலையில் விறாந்தை நிறைந்தது. அவர் வாசித்தார், அவர்கள் வாயைப் பார்த்தார்கள். மாடு அவிழ்ந்ததாக ஒருவரும் எழும்பிப் போகவில்லை. இது போய்விடக்கூடாது என்பதே இப்போது அவருடைய ஒரே பிரார்த்தனை. பெட்டகமும் பர்மாவும் எக்கேடு கெட்டாலும் சரி.

கடைசியில் சனத்தை வெளிக்கிடப் பண்ணியவர் சறோஜினிதேவி.

“இஞ்சருங்கோ, திரையிலை குடிக்கிற தண்ணி காணாதெண்டு எல்லாருக்கும் நான் தேத்தண்ணி ஊத்திக் குடுக்கிறன். சீனி இல்லை. உந்தச் சொல்லை மாத்தி, உதுகளைப் படலைக்கு வெளியாலை அனுப்புறியளோ, நான் பெட்டியைத் தூக்கிக் கிணத்துக்கை போடவோ?”

அன்று இரவே “எங்கே போகிறாய்?” என்ற இடத்தில் “தூரவோ?” என்று மாற்றினார். அடுத்த நாள் வல்லிபுரத்தார் திருப்தியோடு, “ஓம், கொஞ்சம் தூரந்தான்” என்று சொல்லிப் படலையைத் தாண்டினார்.

தாண்டியவர் அதிர்ச்சி அடைந்திருக்க வேண்டும். ஆட்டின் தும்மல்வரை பாடிய பெட்டி, “ஊர்காவற்றுறைச் சந்தி. பஸ் நிற்கிறது” என்றது. ஏறினார்கள். “வேலணை. பஸ் போகிறது.” பிறகு, “புங்குடுதீவு. நிலத்தில் சாவி கிடக்கிறது.” எடுத்தார்கள். எவனும் காவல் இல்லை, துருவலை இல்லை, குசினியில் எவரும் கதைக்கவில்லை. புங்குடுதீவில் பெண் எடுத்த ஒருவர் மட்டும், “இவ்வளவுதானோ எங்கடை ஊர்?” என்று முனகினார். அவரைப் பேசவிடாமல் அமர்த்தினார்கள். அடுத்தது குறிகட்டுவான் துறை. அங்கிருந்து லோஞ்சி என்ற மோட்டார்ப் படகில் ஏறினால் நயினாதீவு, மூன்றாம் சாவி.

“குறிகட்டுவான் துறை,” என்று வாசித்த பரமலிங்கத்தாரின் குரல் மெல்லத் தணிந்தது. “லோஞ்சி இன்னும் வரவில்லை.”

“காத்திரு எண்டு அடியும்.”

அடித்தார். “காத்திருக்கிறாய். லோஞ்சி இன்னும் வரவில்லை.”

பரமலிங்கத்தார் கண்ணை மூடிக்கொண்டார். விளையாட்டு அவ்விடத்தோடு சரி. அப்பால் கடல்; அதை அவர் எழுதவில்லை. எழுத உட்கார்ந்தபோதெல்லாம் அந்த வெற்றிலைக் கூடை ஞாபகத்துக்கு வந்தது. இனிச் சனம் எழும்பும், சிரிக்கும், ஆனியில் சிவபாதம் வந்து பெட்டியைக் கட்டிக்கொண்டு போவான், விறாந்தையில் அவரும் ஆடுமாக மிஞ்சுவார்கள்.

“அச்சொட்டு!” என்றார் வல்லிபுரம்.

கண்ணைத் திறந்தார்.

“அச்சொட்டு அதேதான்! போன ஆவணியிலை நான் நிண்டனான் பாருங்கோ, இப்பிடியேதான். நிண்டன், நிண்டன், வரேல்லை. உந்த மனிசன் அதையெல்லாம் எப்பிடிப் பிடிச்சு வைச்சிருக்கிறார் பார்!”

“நெடுந்தீவு லோஞ்சி எண்டால் இன்னும் மோசம்,” என்றார் இன்னொருவர். “இன்னொருக்காக் காத்திரு எண்டு அடியுங்கோ.”

லோஞ்சி வராத விளையாட்டை வேறெந்த ஊரிலும் முடிக்கப்படாத விளையாட்டு என்பார்கள். லோஞ்சிக்குக் காத்து நின்றே நரைத்தவர்கள் அதை உண்மையின் உச்சம் என்றார்கள். பரமலிங்கத்தாருக்குக் கண் கலங்கியது. மறுநாளே பெட்டியில் மிச்சமிருந்த மூளையையும் துறைமுகத்துக்குச் செலவழித்தார். லோஞ்சியை எழுதுவதற்கல்ல, காத்திருப்பை மெருகேற்றுவதற்கு. கச்சான் கடலை விற்கும் மனிசி ஒருத்தி வந்தாள். லோஞ்சி எஞ்சின் பழுது என்றான் ஒருவன். இல்லை, ஓட்டி சாப்பிடப் போய்விட்டான் என்றான் வேறொருவன். இருவருக்கும் வாக்குவாதம் மூண்டது. அதில் விளையாடுபவர்களும் கலந்துகொள்ளலாம். சித்திரையும் வைகாசியும் கரம்பொன் ஆண்கள் மாலை வேளைகளில் அந்தத் துறையில் நின்று, கச்சான் கொறித்து, எஞ்சினைப் பற்றித் தர்க்கித்து, மனநிறைவோடு வீட்டுக்குப் போனார்கள்.

ஆனியில் சிவபாதம் வந்தார். வெள்ளைக் காலுறையும் கழுத்தில் கமெராவுமாக வந்து விறாந்தையின் முன்வரிசையில் இருந்தார். தம்பியைப் பார்க்க நயினாதீவிலிருந்து மூத்த அக்கா அன்னபூரணமும் வந்திருந்தார். முப்பது வருடத்துக்கு முன் கரம்பொனில் இருந்து அந்தத் தீவுக்குக் கலியாணம் கட்டிப் போனவர். பரமலிங்கத்தாருக்கு மச்சாள் முறை. குரல் கொஞ்சம் பெரிது.

தொடக்கம் வழமைபோல அமோகம். குசினிப் பேச்சுக்குச் சிவபாதம் சிரித்தார். துருவலைக்குக் கைதட்டினார். “அத்தான், லண்டனிலையும் இப்பிடி ஒண்டு நான் காணேல்லை” என்றார். அதோடு நின்றிருந்தால் இந்தச் சரித்திரம் வேறு மாதிரி முடிந்திருக்கும். பஸ் ஓடியது. துறை வந்தது.

“லோஞ்சி இன்னும் வரவில்லை.”

“எவ்வளவு நேரமாகும்?” என்று கேட்டார் சிவபாதம்.

“அவசரப்படாதையும் தம்பி,” என்றார் வல்லிபுரம் பெருமையோடு. “நாங்கள் பங்குனி துடக்கம் நிக்கிறம்.”

அன்னபூரணம் முன்னே நகர்ந்தார். “இஞ்சை பாரும் பரமலிங்கம். நான் காலமை அந்த லோஞ்சியிலைதான் வந்தனான். எனக்கு வந்த லோஞ்சி உமக்கு மட்டும் ஏன் வரேல்லை?”

“மச்சாள், அது வரும். கொஞ்சம் பொறுத்து…”

“என்னாலை பொறுக்க ஏலாது. வீட்டிலை போட்டது போட்டபடி கிடக்கு. லோஞ்சி இல்லாட்டி வள்ளத்திலை போவம். வள்ளத்திலை ஏறு எண்டு அடியும்.”

பரமலிங்கத்தாரின் விரல் பொத்தான்மேல் தயங்கியது. முன்வரிசை பார்த்துக்கொண்டிருந்தது. அடித்தார். திரையைப் பார்த்தார். வாசிக்கவில்லை.

“என்னவாம்?”

“…வள்ளம் என்ற சொல் எனக்குத் தெரியாது.”

“உமக்கோ, பெட்டிக்கோ?”

“பெட்டிக்கு.”

“அப்ப கடலுக்கை குதி எண்டு அடியும். நான் நீந்தியே போறன்.”

அடித்தார். இந்த முறை சிவபாதம் எட்டிப் பார்த்துத் தானே வாசித்தார். “கடல் என்ற சொல் எனக்குத் தெரியாது.”

 அன்னபூரணத்தின் குரல் வளவு தாண்டிக் கேட்டது.

“துருவலை தெரியுது, கடல் தெரியேல்லை! உது ஏழு தீவோ, உம்மடை குசினியோ? எங்கடை தீவை உயிரோடை தாட்டுப்போட்டீரே! நானும் யோசிச்சனான், இந்த முப்பது வருசத்திலை ஒருநாள் என்ரை படலை திறந்தீரோ எண்டு. பிள்ளையின்ரை காதுகுத்துக்கு வரேல்லை. குடிபூரலுக்கு வரேல்லை. கேட்டால் கந்தோரிலை அவசர வேலையாம்.”

“அது மச்சாள், அந்த நேரம் கந்தோரிலை…”

“பென்சன் எடுத்தாப் பிறகும் கந்தோரோ?”

சிவபாதம் எழும்பிக் காலுறையைத் தட்டினார். “அத்தான், நல்லாத்தான் துடங்கியிருக்கிறியள். ஆனால் முடிக்கேல்லைத்தானே? பேசினபடி…”

இந்த இடத்தில் வல்லிபுரத்தார், நண்பரைக் காப்பாற்றுவதாக எண்ணிக்கொண்டு, அவரைப் படுகுழியில் தள்ளினார்.

“தம்பி, அப்பிடிச் சொல்லாதையும். மனிசனுக்கு வழி தெரியாமல் இல்லை. எந்தத் துறையிலையும் கண்ணைக் கட்டி இறக்கினால், காகத்தைக் கூடக் கேளாமல் வீட்டு வாசலிலை நிப்பன் எண்டு வாசிகசாலையிலை சொன்னவர். எனக்கு முன்னாலை சொன்னவர்.”

சிவபாதம் மைத்துனரை ஒரு தடவை மேலும் கீழும் பார்த்தார். முகத்தில் ஒரு குறுஞ்சிரிப்புப் படர்ந்தது.

“அப்ப நல்லதாப் போச்சு. வெள்ளிக்கிழமை நயினாதீவு அம்மாளாச்சி கோயிலிலை எனக்கொரு நேத்திக்கடன் இருக்கு. அத்தானும் வாங்கோ. கண்ணைக் கட்ட வேண்டாம், பாவம். பெரியக்கா முந்தியே போய்ச் சமைச்சு வைக்கட்டும். கோயிலடியிலை இருந்து அவவின்ரை வீடுமட்டும், ஒருத்தரையும் கேளாமல் எங்களைக் கூட்டிக்கொண்டு போங்கோ. போனால் பெட்டி உங்களுக்கு. மிச்சத் தீவை ஆறுதலா எழுதுங்கோ. கேட்டால், பெட்டி சாவகச்சேரிக்கு.”

பட்டினத்தில் ஒரு அலுவல் இருக்கிறது என்று சொல்ல வாயெடுத்தார். விறாந்தை முழுவதும் அவர் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது. இத்தனை மாதமும் அவர் விரும்பியது அதைத்தான்.

“ஓம்,” என்றார். “அதுக்கென்ன.”

அந்த வெள்ளிக்கிழமை பார்த்து லோஞ்சி நேரத்துக்கு வந்தது. ஆனிக் காற்று பிய்த்து எறிந்தது. பரமலிங்கத்தார் ஒரு கையில் குமட்டலை அடக்கத் தேசிக்காய், மறு கையில் வேட்டித் தலைப்பு என்று உள்ளே இறங்கிக் கண்ணை இறுக்கினார். லோஞ்சி துறையை விட்டு விலகியதும் தேசிக்காயை மூக்கில் வைத்து மணந்தார். நடுக்கடலுக்கு முன்பே தேசிக்காயைக் கைவிட்டார். சிவபாதத்தின் வெள்ளைக் காலுறை அன்றோடு சரி. சாட்சியாக வந்த வல்லிபுரம் பரமலிங்கத்தாரின் முதுகைத் தடவியபடி, பக்கத்தில் இருந்த பெண்களுக்கு ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தார்.

“பயப்படாதையுங்கோ. தீவெல்லாம் கரைச்சுக் குடிச்ச மனிசன். கொஞ்சம் வெளியாலை வருது, அவ்வளவுதான்.”

நேத்தி முடிந்து கோயில் வாசலுக்கு வந்தபோது பரமலிங்கத்தாரின் முகத்துக்கு ஓரளவு நிறம் திரும்பியிருந்தது. காலடியில் நிலம் ஆடவில்லை என்று ஒன்றுக்கு இரண்டு தரம் உறுதிப்படுத்திக்கொண்டார். கண்ணை மூடித் தாம் வரைந்த தாளை நினைவில் விரித்தார். மேற்கே ஒரு ஒழுங்கை. அதன் முடிவில் குளம். குளத்துக்கு வடக்கே பிள்ளையார் கோயில். அதற்குப் பின்னால் அன்னபூரணம் வாழ்க்கைப்பட்ட குறிச்சி.

“வாங்கோ,” என்று சால்வையை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். நடை கம்பீரமாகவே இருந்தது.

தாளில் வேலிகள் இல்லை. நிலத்தில் வேலிகளைத் தவிர வேறொன்றும் இல்லை. ஆள் உயரத்துக்குப் பனையோலை வேலி இரண்டு பக்கமும் ஓடியது. ஒவ்வொரு வளவுக்கும் ஒழுங்கை ஒருமுறை முறிந்தது. ஒவ்வொரு முறிவிலும் ஒரு நாய் குரைத்தது. குளம் என்று அவர் நீல மையால் தீட்டிய இடம் ஆனி வெயிலில் வற்றி ஆடு மேயும் தரையாகக் கிடந்தது. குளத்தைத் தேடிக்கொண்டே குளத்தின் நடுவால் நடந்து போனார். பிள்ளையார் கோயில் ஒன்றுக்கு மூன்று இருந்தன. வல்லிபுரத்தார் வியர்வையைத் துடைத்தார்.

“பரமலிங்கம், உந்த மாடு முந்தியும் எங்களைப் பாத்ததெல்லே?”

“அது வேறை மாடு.”

“கொம்பிலை அதே சிவப்புத் துணி கட்டியிருக்கு.”

“இஞ்சை எல்லா மாட்டுக்கும் கட்டிறவை.”

சிவபாதத்துக்கு வழி தெரியும். ஒன்றும் பேசாமல் கமெராவைத் துடைத்தபடி பின்னால் வந்தார். எங்கேயோ மிளகாய் பொரிக்கும் வாசம் வந்தது. வேட்டியில் மண்ணும் வயிற்றில் வெறுமையுமாக, பரமலிங்கத்தார் ஒரு வேம்பின் கீழ் நின்றார். எந்தப் பக்கம் திரும்பினாலும் வேலி. பெட்டியின் ரப்பர் பொத்தான்கள் கண்ணுக்குள் வந்தன. மாலையில் நிறையும் விறாந்தை வந்தது. அதில் ஆடு மட்டும் நிற்பதும் வந்தது.

“உந்த நிழலிலை கொஞ்சம் நில்லுங்கோ,” என்றார். “வழி சரி. நான் ஒருக்கா ஒதுங்கிப்போட்டு வாறன்.”

“ஆறுதலாப் போட்டு வாங்கோ அத்தான்,” என்றார் சிவபாதம்.

முறிவைத் தாண்டி மறைந்ததும் வேலியில் ஆள் நுழையக்கூடிய ஒரு பொட்டைக் கண்டு, குனிந்து, ஒரு வளவின் பின்புறத்துக்குள் நுழைந்தார். கிணற்றடியில் ஒரு பெண் சட்டி கழுவிக்கொண்டிருந்தாள். பரமலிங்கத்தார் சால்வையால் வாயைப் பொத்திக்கொண்டு கிட்டப் போனார்.

“பிள்ளை, சத்தம் போடாதையும். அன்னபூரணம் எண்டு, கரம்பொனிலை இருந்து கட்டி வந்தவ ஒராள். அவவின்ரை வீடு எந்தப் பக்கம்?”

அந்தப் பெண் கையில் இருந்த சட்டியாலேயே காட்டினாள். “உதுதானே ஐயா அவவின்ரை குசினி. நீங்கள் அவையின்ரை பின்வளவிலைதான் நிக்கிறியள். வேலியோடை போய் இடக்கைப் பக்கம் திரும்பினால் படலை.”

பரமலிங்கத்தார் நீண்டதொரு மூச்சு விட்டார். பெட்டி கைக்கு வந்துவிட்டது. வேட்டியைச் சரிசெய்து, பொட்டை நோக்கித் திரும்பினார்.

அவள் அவருடைய வேட்டியையும் சட்டையில் காய்ந்திருந்த கறையையும் பார்த்தாள். பாவமாக இருந்திருக்க வேண்டும்.

“தண்ணி குடிக்கிறியளோ ஐயா? எந்த ஊர்? எங்கடை தீவுப்பக்கமோ?”

வேலிக்கு அப்பால் வல்லிபுரத்தாரின் செருமல் கேட்டது. பரமலிங்கத்தார் குரலைத் தாழ்த்தினார்.

“இல்லைப் பிள்ளை,” என்றார். “நான் இஞ்சத்தை ஆளில்லை.”